குளவிக் கூடும் வேகமானி முள்ளும்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் விமானம் என்றால் ஓமலூரை அடுத்த காமலாபுரம் நிலையம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கு வந்து போகும் பயணிகள் விமானங்களைப் பற்றிப் பேச நான் வரவில்லை. 1958இல் முதன்முதலாகப் பறந்த இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் புஷ்பக்கைப் போன்ற, துணி போர்த்திய பழைய இரண்டு இருக்கை விமானங்களில் வேகமானி தவறாகக் காட்டினால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதே என் பேச்சு. இக்கருவிகளோடே பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழுது பெரும்பாலும் கருவிக்குள் இருப்பதில்லை, அதற்கு வரும் குழாயில்தான் இருக்கிறது.

1732இல் ஆன்றி பிட்டோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஆற்றுநீரின் வேகத்தை அளக்கக் கண்டறிந்த குழாயின் வழித்தோன்றல்தான் இன்றும் விமானத்தில் காற்றை எதிர்நோக்கி நிற்கிறது. அதில் மோதும் காற்றின் அழுத்தத்துக்கும் சுற்றுப்புறக் காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டால் கருவிக்குள் இருக்கும் மெல்லிய உலோக உறை உப்பி, முள்ளை நகர்த்துகிறது. அந்த வேறுபாடு மிகச் சிறியது. 60 நாட் வேகத்தில் (ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்) ஏறக்குறைய 60 மில்லிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தம், 100 நாட்டில் 165, அவ்வளவுதான். எனவே முதுமையால் வெடித்த ரப்பர்க் குழாயில் மயிரிழை போன்ற கசிவு இருந்தாலும் முள் குறைத்தே காட்டும்.

முள்ளின் போக்கே பழுதைக் காட்டிக்கொடுக்கும். பிட்டோ குழாயின் வாயும், உள்ளே புகும் நீர் வெளியேறும் வடிதுளையும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், உயர ஏற ஏற வேகம் கூடுவதாகவும் இறங்க இறங்கக் குறைவதாகவும் கருவி காட்டும். வாய் மட்டும் அடைத்தால் முள் பூச்சியத்துக்கு விழும்.

ஒருமுறை ஓடுதளத்தில் பாதி தூரம் ஓடியும் முள் அசையாத விமானம் ஒன்று என்னிடம் வந்தது. குழாயின் வாயில் மெல்லிய கம்பியை விட்டேன். செம்மண் பொடியாக உதிர்ந்தது, பின்னாலேயே கால் மடங்கிய சிலந்தி ஒன்று விழுந்தது. குளவி கூடு கட்டித் தன் குஞ்சுக்கு இரை வைத்திருந்தது. குழாயின் வாய்க்கு மூடி மாட்ட மறந்து இரண்டு நாள் நிறுத்தியிருந்தார்கள். குளவிக்கு அதுவே போதும்.

அப்படி அடைத்தால் வாயால் ஊதிவிடாதீர்கள். கருவியின் உறை கிழிந்துவிடும். குழாயைக் கருவியின் பின்புறம் கழற்றி, அங்கிருந்து வெளிநோக்கியே ஊத வேண்டும். பிறகு ஒளிபுகும் குழாயை ‘ப’ போல வளைத்து, பாதியளவு நீர் ஊற்றி, அதன் ஒரு முனையைப் பிட்டோவோடும் ஒரு ரப்பர்க் குழாயோடும் இணைத்து, அந்த ரப்பரை மெதுவாகச் சுருட்டுங்கள். நீர்மட்ட வேறுபாடு 106 மில்லிமீட்டர் ஆகும்போது முள் 80 நாட்டில் நிற்க வேண்டும். சுருட்டியதைப் பிடித்தபடியே ஒரு நிமிடம் காத்திருந்து, முள் தளர்ந்தால் கசிவைத் தேடுங்கள்.

ஏற்காட்டு மலைக்கு மேலே பறந்து வந்து, ஜி.பி.எஸ். கூடுதலாகக் காட்டுகிறது, கருவி கெட்டுவிட்டது என்பவர்கள் உண்டு. அது பழுதே அல்ல. 6,000 அடியில் காற்று மெலிந்திருப்பதால், முள் 80 என்றால் உண்மை வேகம் 90ஐ நெருங்கியிருக்கும். எதிரெதிர்த் திசைகளில் பறந்து சராசரி எடுத்து, உயரத்துக்கும் வெப்பத்துக்கும் திருத்திய பின்னரும் வேறுபாடு நின்றால்தான், கருவியைக் கழற்றி அனுமதி பெற்ற பணிமனைக்கு அனுப்ப வேண்டும். வணக்கம்.