எலெக்ட்ரிக் டூத் பிரஷ்: மெஷினை விடுங்கள், ஹெட்டைப் பாருங்கள்

மக்களே வணக்கம், மதுரையிலிருந்து பேசுகிறேன். எலெக்ட்ரிக் டூத் பிரஷ் பற்றி யார் கேட்டாலும் "எந்த மெஷின் நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் சொல்வது வேறு. பல்லைத் தொடுவது ஹெட், அதாவது நுனியில் கழற்றி மாட்டுகிற இழைப் பகுதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காசு கொடுத்து மாற்றப்போவதும் ஹெட்தான். ஆனால் எல்லா விளம்பரமும் மோட்டாரைப் பற்றியும் ஆப்பைப் பற்றியும்தான் பேசுகிறது. அதனால் இன்றைக்கு முழுக்க ஹெட் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இந்தக் கருவி யாருக்காக வந்தது தெரியுமா? 1954-இல் சுவிட்சர்லாந்தில் ஃபிலிப் கீ வூக் என்ற மருத்துவர் உருவாக்கிய பிராக்சோடென்ட்தான் இதன் முன்னோடி. கையை நன்றாக அசைக்க முடியாத நோயாளிகளையும், பல்லில் கம்பி கட்டியவர்களையும் மனதில் வைத்துச் செய்தது அது. இப்போது கடையில் தொங்கும் ஹெட்டுகளைப் பாருங்கள். வெள்ளையாக்கும் ஹெட், கறை எடுக்கும் ஹெட், நாக்கு வழிக்கும் ஹெட் எல்லாம் இருக்கிறது. விரல் மடங்காத ஒருவருக்கென்று ஒரு ஹெட் தேடினால் கிடைப்பதே அபூர்வம். எனக்கு இதில்தான் ஆதங்கம்.

எங்கள் அப்பத்தாவுக்கு முடக்குவாதம். பல் எல்லாம் கெட்டியாக இருக்கிறது, கைதான் ஒத்துழைக்காது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பிரஷ்ஷை 45 டிகிரி சாய்த்துப் பிடிக்கச் சொல்வார்கள் பல் மருத்துவர்கள். அந்தச் சாய்வுக்கு மணிக்கட்டு திரும்ப வேண்டும். அப்பத்தாவுக்குத் திரும்பாது. மோட்டார் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சரி, ஹெட் தப்பான கோணத்தில் உட்கார்ந்தால் ஈறு ஓரத்து அழுக்கு அங்கேயேதான் இருக்கும்.

இதோ, ஹேண்டிலைக் கிட்டத்தில் காட்டுகிறேன். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி மாட்டியிருக்கிறேன். மேலே ஒரு வெல்க்ரோ பட்டை, புறங்கை மேல் சுற்றிக்கொள்ள. விரல் இறுக்கிப் பிடிக்காவிட்டாலும் பிரஷ் கீழே விழாது. அடிப்பாகத்தை மட்டும் மூடாதீர்கள். சார்ஜரில் உட்காரும் இடம் அது, ரப்பர் இடையில் வந்தால் சார்ஜ் சரியாக ஏறாது.

ஹேண்டிலில் இப்படி எடை கூடினால் பரவாயில்லை. ஹெட்டில் கூடக் கூடாது. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சோனிக் வகை, அதாவது ஹெட் சுழலாமல் வேகமாக அதிர்கிற பிரஷ்ஷில், ஹெட்டின் எடைக்கும் நீளத்துக்கும் ஏற்ற ஓர் இயல்பான அதிர்வு வேகம் உண்டு. ஹேண்டிலுக்குள் இருக்கும் காந்தமும் கம்பிச் சுருளும் சரியாக அந்த வேகத்தில் தள்ளுகிற மாதிரி அமைத்திருப்பார்கள். 1992-இல் வந்த சோனிகேர் என்ற பிரஷ்ஷில் நொடிக்குச் சுமார் 260 அதிர்வு. ஓர் அதிர்வுக்குப் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு வீச்சு, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 31,000 வீச்சு. சின்ன பாட்டரியில் அவ்வளவு அசைவு கிடைப்பதற்குக் காரணம் இந்தப் பொருத்தம்தான். நாம் ஹெட்டில் எதையாவது சுற்றினால் பொருத்தம் குலைந்து வீச்சு செத்துவிடும். சத்தம் மட்டும் வரும், வேலை நடக்காது.

அடுத்து, ஹெட்டும் ஹேண்டிலும் சேரும் இடுக்கு. ஹெட்டைக் கழற்றுகிறேன், பாருங்கள். உள்ளே கருப்பாக, வழவழவென்று ஒட்டியிருக்கிறதே, பேஸ்ட்டும் எச்சிலும் கிருமியும் சேர்ந்த கசடு அது. நம் ஊர் போர் தண்ணீரில் புழங்கும் வீடுகளில் இதோடு உப்பும் படியும். உலோகத் தண்டைச் சுற்றி வெள்ளையாகத் தெரிகிறது பாருங்கள், அதுதான். ஊசியாலோ பிளேடாலோ சுரண்டாதீர்கள். தண்டின் அடியில் ரப்பர் சீல் இருக்கிறது, கிழிந்தால் தண்ணீர் உள்ளே போய் மெஷினே போய்விடும். எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஹெட்டைத் தனியாகக் காய வைத்தால் போதும்.

இந்த இடுக்கை ரப்பர் வைத்து அடைத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. தண்டு அசைவதற்காகத்தான் அந்த இடைவெளியே இருக்கிறது, அடைத்தால் அதிர்வை ரப்பர் தின்றுவிடும். என் யோசனை இதுதான்: ஹெட்டின் அடியில் மெல்லிய சிலிக்கோன் விளிம்பு ஒன்று, ஹேண்டிலைத் தொடாமல் வெளியே நீட்டிக்கொண்டு, வீட்டுக் கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டி நிற்கிற மாதிரி. வாயிலிருந்து வழியும் நுரை இடுக்குக்குள் போகாமல் வெளியே சொட்டிவிடும். ஹெட் செய்யும்போதே அதன் எடையையும் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். நாம் வீட்டில் ஒட்டவைக்கிற வேலை இல்லை இது.

இழைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வீடியோ முடியாது. தெற்கு ஆவணி மூல வீதியில் நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் இருக்கிறதே, அதை போன் கேமரா முன்னால் பிடித்து எடுத்த படம் இது. இடது பக்கம் நல்ல ஹெட், ஒவ்வொரு இழை நுனியும் உருண்டையாக இருக்கிறது. வலது பக்கம் பெயர் தெரியாத மலிவு ஹெட், நுனி கத்தரித்த மாதிரி கூராக நிற்கிறது. நொடிக்கு இருநூறு தடவைக்கு மேல் அந்தக் கூர் ஈறில் உரசினால் என்ன ஆகும்? மென்மையான இழை என்றால் தடிமன் 0.15 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். வெளிக்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்கிறேன்.

எலெக்ட்ரிக் பிரஷ்ஷால் பலன் உண்டா என்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தும்போது கைப் பிரஷ்ஷைவிடப் பல் படலம் 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைகின்றன. பலன் உண்டு.

சரி, அப்பத்தா மாதிரி ஆட்களுக்கு என்ன ஹெட் வேண்டும்? இரண்டு பக்கத்து இழைகளும் தானாகவே 45 டிகிரி சாய்ந்து பல்லை அணைத்துப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டைத் திருப்பவே தேவையிருக்காது. கைப் பிரஷ்ஷில் மூன்று பக்க ஹெட் ஏற்கெனவே இருக்கிறது. அதையே எடை குறைத்து, சோனிக் தண்டுக்குப் பொருந்தும்படி செய்ய வேண்டும். படுக்கையில் இருப்பவர்களுக்குப் பல் தேய்த்துவிடும் பிள்ளைகளுக்கும் பாதி வேலை மிச்சம்.

இங்கே மதுரையில் இது நடக்காதா? அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-இல் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கும் முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தன. தன் கைக்கேற்ற கருவிகளை வைத்துத்தான் அவர் கண்புரை அறுவை சிகிச்சை செய்தார். ரப்பர் வேலைக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை, டயரும் பெல்ட்டும் ஆயில் சீலும் செய்கிற ஊர் இது.

கப்பலூர், கே. புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் சிலிக்கோன் மோல்டிங் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், விளிம்புக்கும் மூன்று பக்க ஹெட்டுக்கும் நான் வரைந்த படத்தை அளவோடு கீழே போட்டிருக்கிறேன். உணவுப் பொருளுக்குப் பயன்படுத்தும் தரத்து சிலிக்கோனாக இருக்க வேண்டும், அது மட்டும் முக்கியம். எங்கே அளவு இடிக்கிறது என்று கமென்ட்டில் எழுதுங்கள், திருத்திப் போடுகிறேன்.