தண்ணீர் விடுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். என் மாமியார் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சோபா துடைப்பதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, மாப்பிள்ளை?" என்று கேட்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தொழில்தான் எனக்குச் சோறு போடுகிறது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இதையேதான் கேட்கிறார்கள், கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில். ஆகவே, நான் கெடுத்த முதல் சோபாவிலிருந்து தொடங்குகிறேன்.

சென்னையில் தொழில் தொடங்கிய முதல் ஆண்டு அது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் வீடு. மூன்று பேர் அமரும் சோபா, பட்டுப்போல மின்னும் வெல்வெட் உறை. என்னிடம் புது இயந்திரம் இருந்தது. சூடான தண்ணீரைப் பீய்ச்சி, உடனே அழுக்கோடு உறிஞ்சி எடுக்கும் வகை. கடனில் வாங்கியது, அதனால் அதை எல்லாவற்றின் மீதும் ஓட்டிப் பார்க்கும் ஆசையும் இருந்தது. நல்ல காரமான சோப்பு, நல்ல சூடு, நல்ல தேய்ப்பு. உறிஞ்சிய தண்ணீர் கறுப்பாக வந்தபோது அதை வாளியில் ஊற்றி அந்த அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

மறுநாள் போனால் சோபா காய்ந்திருந்தது. மழையில் நனைந்து காய்ந்த ஆட்டுக்குட்டி போல, வெல்வெட்டின் முடிகள் திசைக்கொன்றாகப் படுத்திருந்தன. கைப்பிடியில் நான் அழுத்தித் தேய்த்த இடத்தில் முடி உதிர்ந்து அடித்துணி தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. "நனைப்பதற்கு முன்னால் இது என்ன துணி என்று பார்த்தாயா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. குஷன் கடையில் புதுத்துணி போட்டுக் கொடுத்தேன். இயந்திரக் கடனை அடைத்த பிறகும் அந்தக் கடன் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் துணி விஸ்கோஸ். மரக்கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக இழுத்துச் செய்வது. நம் கோவை மாவட்டம் சிறுமுகையில்கூட ஒரு காலத்தில் விஸ்கோஸ் ஆலை இருந்தது. பருத்தியும் விஸ்கோஸும் தாவரப் பொருள்தான். எரித்தால் இரண்டிலும் காகிதம் எரியும் வாசனைதான் வரும். ஆனால் நனைந்தால் பருத்தி இழை சற்றுப் பலம் கூடும்; விஸ்கோஸ் ஏறத்தாழப் பாதிப் பலத்தை இழந்துவிடும். வேட்டி துவைத்துப் பழகிய கைக்கு, ஈரத்தில் துணி வலுவிழக்கும் என்று எப்படித் தோன்றும்?

உண்மையில் இந்த அறிவு நம் ஊருக்குப் புதிதல்ல. பழைய சலவைத் தொழிலாளர்களிடம் இருந்தது. பருத்தியை உவர்மண்ணில் நனைத்து வெள்ளாவியில் வைப்பார்கள். உவர்மண் காரம், பருத்தி அதைத் தாங்கும். பட்டுப் புடவையை யாரும் வெள்ளாவிக்குள் வைத்ததில்லை. அதற்குப் பூந்திக்கொட்டை. பட்டும் கம்பளியும் விலங்கிலிருந்து வருபவை, நம் தலைமுடியைப் போன்ற புரத இழைகள். அவற்றுக்குக் காரம் பகை. எந்தத் துணிக்கு எது என்று வண்ணாரப்பேட்டையில் ஒரு பாட்டியிடம் கேட்டிருந்தாலே எனக்கு விடை கிடைத்திருக்கும். நான் இயந்திரம் விற்றவரிடம் கேட்டேன். அவர், "எல்லாத் துணிக்கும் ஆகும் சார்" என்றார்.

இன்று என்னிடம் வேலைக்கு வருபவர்களுக்கு இதையே எண்களாகச் சொல்லிக் கொடுக்கிறேன். அமில, கார அளவை 0 முதல் 14 வரை எண்ணுகிறார்கள். நடுவில் 7, அது சுத்தமான தண்ணீர். எலுமிச்சைச் சாறு 2-க்குப் பக்கத்தில். சோப்புத்தூள் கரைசல் 10-க்குப் பக்கத்தில். இந்த ஏணியில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. 8-ல் இருப்பதைவிட 10-ல் இருப்பது இரண்டு படி அல்ல, நூறு மடங்கு காரம். "இது கொஞ்சம் ஸ்டிராங்கான சோப்பு, அவ்வளவுதான்" என்று சொல்பவர் இந்த ஏணியைப் பார்த்ததே இல்லை. தரை கழுவும் குளோரின் பிளீச்சில் ஒரு கம்பளி நூலைப் போட்டு வைப்பேன். நேரம் போகப்போக நூல் கரைந்து, தம்ளரில் வெறும் நீர் நிற்கும். புதிதாக வருபவர்கள் அந்தத் தம்ளரை மறப்பதில்லை. அப்படியே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிளீச்சையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும்.

இப்போது தர விதிகளுக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1972-ல் தொடங்கிய ஓர் அமைப்பு இருக்கிறது. ஐ.ஐ.சி.ஆர்.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சுத்தம் செய்வோருக்கும், வெள்ளத்திலும் தீயிலும் கெட்ட பொருள்களைச் சீரமைப்போருக்கும் விதி எழுதி, பயிற்சி வகுத்து, தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. தரைக்கம்பளத்துக்கு ஒரு விதி நூல், சோபா உறைத்துணிக்கு ஒரு விதி நூல். இரண்டாவதன் பெயர் எஸ்-300. இங்கிலாந்தில் 1968-லேயே கம்பளம் சுத்தம் செய்வோர் சங்கம் வைத்துவிட்டார்கள். இவை எதுவும் சட்டம் அல்ல. தொழில் செய்பவர்களே கூடி, நம்மில் பொறுப்புள்ள ஒருவன் இப்படித்தான் செய்வான் என்று எழுதி வைத்துக்கொண்டது.

அந்த விதி நூல்களில் எனக்கு மிகவும் பிடித்தது வினைச்சொற்களை அவர்கள் எடை போட்டுப் பயன்படுத்தும் விதம். தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்: இந்தச் சொல் வந்தால் நாட்டின் சட்டமே ஏற்கெனவே கட்டாயமாக்கியது, இந்தச் சொல் வந்தால் சட்டம் இல்லை, ஆனால் தொழில் நெறிப்படி செய்தாக வேண்டியது, இந்தச் சொல் வந்தால் செய்வது நல்லது, இது வந்தால் உன் விருப்பம். "செய்ய வேண்டும்", "செய்வது நலம்", "செய்யலாம்" என்று நாமும் பேசுகிறோம், ஆனால் மூன்றையும் ஒரே குரலில் பேசிவிடுகிறோம். என் கடையில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. துணியைச் சோதிப்பது, "வேண்டும்" வரிசையில். கடைசியில் முடியை ஒரே திசையில் சீவி விடுவது, "நலம்" வரிசையில். வாசனைத் தெளிப்பான், "செய்யலாம்". அதை நான் அடித்துவிடலாம் என்றும் இருக்கிறேன். வாசனை போடுபவர்கள் பெரும்பாலும் எதையோ மறைக்கிறார்கள்.

சோதனை என்று நான் சொல்வது பெரிய ஆய்வுக்கூட வேலை அல்ல. திண்டின் அடியில், உள்தையலில், கண்ணில் படாத இடத்தில் ஒரு நூலை உருவி எரித்துப் பார்ப்பது. வீட்டுக்கு வெளியே வைத்துத்தான். காஞ்சிபுரத்தில் பட்டு வாங்குபவர்கள் செய்வதேதான் இது. முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டோ கம்பளியோ. உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டியானால் பாலியஸ்டர். பிறகு வெள்ளைத் துணியை, போடப்போகும் கரைசலில் நனைத்து உறையின் மூலையில் சற்று நேரம் அழுத்தி வைத்து, சாயம் ஏறுகிறதா என்று பார்ப்பது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம், கால் மணி நேரம். நான் அந்த வெல்வெட் சோபாவில் மிச்சப்படுத்திய கால் மணி நேரம்.

அமெரிக்கச் சோபாக்களில் திண்டுக்கு அடியில் சிறு சீட்டு தைத்திருப்பார்கள். டபிள்யூ என்றால் தண்ணீர் ஆகும். எஸ் என்றால் தண்ணீர் ஆகாது, டிரைகிளீனிங்கில் போடுவது போன்ற கரைப்பான் மட்டும். இரண்டும் இருந்தால் இரண்டும் ஆகும். எக்ஸ் என்றால் வாக்குவம் மட்டும், ஈரமே படக்கூடாது. நம் ஊர்ச் சோபாக்களில் பெரும்பாலானவை பக்கத்துத் தெருப் பட்டறையில் செய்தவை, சீட்டு கிடையாது. துணி எடுத்துக் கொடுத்த கடைக்காரரைக் கேட்டால் "இம்போர்ட்டட்" என்பார். அதுவும் ஒரு நார் வகை போலிருக்கிறது! சீட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெட்ராஸ் துணியே சாட்சி. 1950-களின் கடைசியிலும் 60-களிலும் நம் கட்டம் போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவில் பெரும் மோகமாக இருந்தது. துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கிக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்தன. விளம்பரக்காரர்கள் சளைக்கவில்லை, "சாயம் போகும், அதற்கு உத்தரவாதம்" என்றே எழுதி விற்றுவிட்டார்கள். சட்டைக்கு அது அழகானது. சந்தன நிறச் சோபாவின் ஓரத்தில் சிவப்புப் பட்டி இருந்தால் அந்த உத்தரவாதத்தோடு என்னால் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது.

இந்தத் தொழிலின் உண்மையான நோய் நேரம். ஜெர்மனியில் ஹென்கல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் சின்னர் 1959-ல் ஒரு வட்டம் வரைந்தார். எதைச் சுத்தம் செய்தாலும் நான்கு வேலை செய்கின்றன: ரசாயனம், தேய்ப்பு, வெப்பம், நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டித்தான் ஆக வேண்டும். இப்போது இருக்கைக்கு இவ்வளவு என்று கைபேசியில் விலை பேசி முடித்துவிடுகிறார்கள். ஏழு இருக்கையை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய பையன் என்ன செய்வான்? சோப்பைக் கூட்டுவான், தேய்ப்பைக் கூட்டுவான். முதலில் காய்ந்த தூசியை வாக்குவத்தால் எடுக்கும் வேலையைத் தாண்டிப் போவான். அந்தத் தூசி நனைந்தால் சேறு. சேற்றைத்தான் அவன் தேய்த்துக்கொண்டிருப்பான். சோப்பை முழுதாக அலசி எடுக்கவும் நேரம் இருக்காது. மிஞ்சிய சோப்பு பிசுபிசுப்பாக நின்று புது அழுக்கை இழுக்கும். "சுத்தம் செய்த பிறகுதான் சோபா சீக்கிரம் அழுக்காகிறது" என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். உண்மைதான். அந்தப் பையன்மீது எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குப் பயிற்சி கொடுத்தாலும், நேரம் கொடுக்காவிட்டால் பயிற்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

நேரக் கணக்கில் எல்லோரும் மறப்பது காய்வதை. ஈரம் உறையைத் தாண்டி ஃபோமுக்குள் இறங்கிவிட்டால் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்கலாம். ஐப்பசி மழையில் சென்னைக் காற்றே ஈரத்துணி. சன்னலைத் திறந்து வைத்தால் காய்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மின்விசிறியைப் பக்கவாட்டில் வைத்து, திண்டுகளை நிறுத்தி, முடிந்தால் ஏசி ஓட்ட வேண்டும். சணல், லினன், வெளுக்காத பருத்தி ஆகியவற்றில் இன்னொரு தொல்லை உண்டு. மெதுவாகக் காயும்போது நாரிலுள்ள பழுப்புப் பொருள் ஈரத்தோடு மேலே ஏறி, டீ கொட்டியதுபோல் படியும். வாடிக்கையாளர் மறுநாள் போன் செய்து, "நீங்கள் போகும்போது நன்றாகத்தானே இருந்தது?" என்பார். மென்மையான அமிலக் கரைசலால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். அது தெரியாதவர் இன்னும் சோப்பு போட்டுத் தேய்ப்பார், இன்னும் பழுக்கும்.

நம் ஊரில் இதையெல்லாம் எங்கே கற்பது? ஓட்டல் மேலாண்மைப் படிப்புகளில் ஹவுஸ்கீப்பிங் ஒரு பாடம். அதற்குள் சோபா ஒரு மூலையில் இருக்கும். மற்றபடி இயந்திரம் விற்பவர் தரும் ஒரு மணி நேர விளக்கம்தான். ஐ.ஐ.சி.ஆர்.சி.யின் உறைத்துணி வகுப்பே இரண்டு நாள்தான். அது போதாது என்பது என் கருத்து. விதியைக் கற்க இரண்டு நாள் போதும், விரலுக்குத் துணி தெரிய மாதங்கள் வேண்டும். ஆனால் அங்கே சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு உட்கார முடியாது. தொடர்ந்து வகுப்புக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சோபா சுத்தம் செய்ய ஆள் கூப்பிடும் நேயர்களுக்கு ஒன்று: வந்தவர் முதலில் இயந்திரத்தின் ஒயரை மாட்டுகிறாரா, திண்டைத் தூக்கிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். "இந்தக் கறை போகாது" என்றோ "இதை நான் தொடமாட்டேன்" என்றோ சொல்பவரை விரட்டிவிடாதீர்கள். அப்படிச் சொல்லிவிட்டு வந்தால் அன்றைக்கு அவருக்குக் கூலி இல்லை, தெரிந்தேதான் சொல்கிறார்.

என் கடையில் புதிதாக வருபவர்களுக்கு முதல் மாதம் இயந்திரத்தைக் கொடுப்பதில்லை. ஒரு பெட்டி நிறையத் துணித்துண்டுகள், ஒரு கத்தரிக்கோல், ஒரு தீப்பெட்டி. "நெருப்புக் குச்சி கிழிக்கவா வேலைக்கு வந்தேன்?" என்று இந்த மாதம் ஒருவர் போய்விட்டார். இன்னொரு தம்பி இருக்கிறார். போன வாரம் பருத்தியையும் விஸ்கோஸையும் அவர் முன்னால் வைத்தேன். எரித்துப் பார்த்தார்; இரண்டும் காகித வாசனை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இரண்டிலிருந்தும் ஒரு நூலை உருவி, நடுவில் நாக்கால் ஈரம் செய்து, இரு கையாலும் இழுத்தார். ஒரு நூல் இழுபட்டு நின்றது. மற்றது ஈரம் பட்ட இடத்திலேயே சத்தமில்லாமல் அறுந்தது. அதை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.