தூக்கிலிட்டு முப்பது ஆண்டுகள் கழித்து மன்னிப்பு: ஒகோனி மக்கள் ஏன் அதை ஏற்க மறுக்கிறார்கள்?

[திரையில்: நைஜர் ஆற்று முகத்துவாரத்தின் வரைபடம், ஒகோனி நிலம் மட்டும் வண்ணத்தில்]

வணக்கம். நைஜீரியாவின் தெற்கே, ஒகோனி என்ற இனக்குழுவினர் வாழும் நிலத்தில், நிசிசியோக்கன் ஒகாலே என்ற ஊரில் மக்கள் குடித்துவந்த கிணற்று நீரைச் சோதித்த ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் ஆய்வாளர்கள், அதில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன், உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவைவிட 900 மடங்குக்கும் மேல் இருப்பதைக் கண்டார்கள். அருகே செல்லும் குழாய்ப்பாதை அந்நாட்டு அரசின் எண்ணெய் நிறுவனத்துக்கு உரியது. அந்த ஆய்வறிக்கை 2011-இல் வெளிவந்தது. எங்கள் மண்ணும் நீரும் எண்ணெயால் சாகின்றன என்று ஊர் ஊராகச் சொன்ன எழுத்தாளர் கென் சரோ விவாவையும் அவரோடு எட்டுப் பேரையும் இராணுவ ஆட்சி தூக்கிலிட்டு அப்போது பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒகோனி நிலத்தில் 1958-இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1969-இன் பெட்ரோலியச் சட்டம் நாட்டின் எண்ணெய் முழுவதையும் மத்திய அரசின் உடைமையாக்கியது. விடுதலையின்போது எண்ணெய் வருவாயில் பாதி அது கிடைக்கும் பகுதிக்கே என்றிருந்த விதி, 1980-களில் 1.5 விழுக்காடாகச் சுருங்கியது. மக்களிடம் வரி வாங்கிப் பிழைக்கும் அரசு அவர்களுடைய முகத்தைப் பார்த்தாக வேண்டும். எண்ணெயில் பிழைக்கும் அரசுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, எண்ணெய்க்கு மேலே குடியிருப்பவர்கள் அதன் கண்ணுக்கு இடையூறாகவே தெரிகிறார்கள். 1990-இல் ஒகோனி மக்கள் தங்கள் உரிமைச் சாசனத்தை வெளியிட்டார்கள். 1993 ஜனவரி 4 அன்று, ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வாழ்ந்த அந்தச் சிறு நிலத்தில் மூன்று லட்சம் பேர் ஆயுதமின்றி ஊர்வலம் சென்றார்கள். அவ்வாண்டிலேயே ஷெல் நிறுவனம் ஒகோனியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது; அவ்வாண்டின் இறுதியில் ஜெனரல் சானி அபாச்சா ஆட்சியைக் கைப்பற்றினார்.

1994 மே 21 அன்று கியோக்கூ என்ற ஊரில் ஒகோனித் தலைவர்கள் நால்வரை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. அந்தக் கொலைகளுக்கு நீதி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், அன்று ஒகோனிக்குள் நுழைய விடாமல் இராணுவமே திருப்பி அனுப்பிய சரோ விவா, அந்தக் கொலைகளைத் தூண்டினார் என்று கைது செய்யப்பட்டார். இராணுவ அதிகாரி ஒருவரும் உறுப்பினராக அமர்ந்த சிறப்புத் தீர்ப்பாயம் வழக்கை விசாரித்தது. மேல்முறையீட்டுக்கு வழியே இல்லை. நியாயம் கிடைக்காது என்று கண்டு குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள் விலகினார்கள். பணமும் வேலையும் தருவதாகச் சொல்லிப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தார்கள் என்று அரசுத் தரப்புச் சாட்சிகள் இருவர் பிறகு எழுதிக் கொடுத்தார்கள். அக்டோபர் இறுதியில் தீர்ப்பு, 1995 நவம்பர் 10 அன்று தூக்கு. காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் ஆக்லாந்தில் கூடியிருந்த நேரத்திலேயே அது நடந்தது. அவர்கள் நைஜீரியாவை இடைநீக்கம் செய்தார்கள்.

[திரையில்: நியூயார்க் நீதிமன்றக் கட்டடம்]

இனி வருவதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் வியக்க வைத்த பகுதி. சொந்த நாட்டில் கதவடைக்கப்பட்ட குடும்பங்கள் எந்த நீதிமன்றத்துக்குப் போக முடியும்? அவர்களுக்குக் கைகொடுத்தது 1789-இல் அமெரிக்காவின் முதல் நாடாளுமன்றம் இயற்றிய, ஒரே ஒரு வாக்கியம் கொண்ட சட்டம். பன்னாட்டுச் சட்டத்தை மீறி இழைக்கப்பட்ட தீங்குக்காக அயல்நாட்டார் அமெரிக்க நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம் என்பது அதன் சாரம். தூதர்கள் மீதான தாக்குதலும் கடற்கொள்ளையும் தலைவலியாக இருந்த காலத்துச் சட்டம் அது. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் பெரும்பாலும் தூங்கிக்கிடந்த அதை, 1980-இல் பராகுவே நாட்டுக் குடும்பம் ஒன்று எழுப்பியது: தங்கள் மகனைச் சித்திரவதை செய்து கொன்ற காவல் அதிகாரி நியூயார்க்கில் இருப்பதை அறிந்து, அங்கேயே அவர்மீது வழக்குத் தொடுத்து வென்றார்கள். அந்த வழியே 1996-இல் சரோ விவா குடும்பத்தினரும் பிறரும் ஷெல்மீது வழக்குப் போட்டார்கள். இராணுவத்தின் கொடுமைகளுக்கு நிறுவனம் உடந்தை என்பது குற்றச்சாட்டு, நிறுவனம் அதை மறுத்தது. பதின்மூன்று ஆண்டுகள் இழுத்து, விசாரணை தொடங்க இருந்த தறுவாயில், 2009 ஜூனில், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலேயே 1.55 கோடி டாலர் கொடுத்து ஷெல் சமரசம் செய்துகொண்டது. தூக்கிலிடப்பட்ட பாரினெம் கியோபெலின் மனைவி எஸ்தர் கியோபெல் தொடுத்த இன்னொரு வழக்கிலோ, வெளிநாட்டில் நடந்ததற்கு இச்சட்டம் செல்லாது என்று 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடந்தது உண்மையா என்ற கேள்விக்குள்ளேயே அது நுழையவில்லை. அந்த அம்மையார் சோர்ந்துவிடவில்லை. 2017-இல் வேறு மூன்று கைம்பெண்களோடு நெதர்லாந்தின் ஹேக் நகர நீதிமன்றத்தை நாடினார். சான்று போதவில்லை என்று 2022-இல் அந்த வழக்கும் தள்ளுபடியானது. சான்றுகளை இராணுவ ஆட்சியும் காலமும் சேர்ந்து அழித்துவிடக்கூடிய இடத்தில், அவற்றைத் திரட்டும் சுமையைக் கைம்பெண்கள் மீதே வைப்பது நியாயமா என்று நேயர்களே எண்ணிப் பாருங்கள்.

[திரையில்: தூக்கிலிடப்பட்ட ஒன்பது பேரின் பெயர்கள்]

2025 ஜூன் 12 அன்று நைஜீரிய அதிபர் போலா டினுபு அந்த ஒன்பது பேருக்கும் மன்னிப்பும் தேசிய விருதுகளும் அறிவித்தார். மன்னிப்பு தண்டனையைத்தான் நீக்கும். குற்றத்தீர்ப்பு அப்படியே நிற்கும். ஆகவே ஒகோனி அமைப்புகள் பலவும் மனித உரிமை அமைப்புகளும், அவர்கள் குற்றமற்றவர்கள் என்று சட்டப்படி அறிவிக்க வேண்டும் என்கின்றன. அவ்வாண்டிலேயே ஒகோனியில் மீண்டும் எண்ணெய் எடுப்பதற்கான பேச்சுகளையும் அரசு நடத்தியது. மண்ணையும் நீரையும் மீட்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்று 2011-இல் ஐ.நா. அறிக்கை சொன்னது, அதற்கான அரசு அமைப்பின் துப்புரவுப் பணி இன்னும் முடியவில்லை. அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டு, துப்புரவு முடிந்து, அந்த மக்கள் சம்மதிக்கும் வரை அங்கே ஒரு துளி எண்ணெயும் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாட்டின் வருவாய்த் தேவையைக் காட்டி இதை மறுப்பவர்கள், தங்கள் காரணங்களைக் கீழே விரிவாக எழுதுங்கள். அடுத்த காணொளியில் அவற்றை எடுத்துப் பேசுகிறேன்.