35 கிராமி விருதுகள்: பியான்ஸே வென்றதும் காத்திருந்ததும்

(காட்சி: தங்க முலாம் பூசிய சிறிய கிராமஃபோன் சிலை.)

வணக்கம். அமெரிக்கப் பாப் பாடகி பியான்ஸே, இசைப் பதிவுகளுக்கான அமெரிக்க விருதான கிராமியை 35 முறை பெற்றிருக்கிறார். 1959இல் தொடங்கிய அந்த விருதின் வரலாற்றில் வேறு எந்தக் கலைஞருக்கும் இத்தனை விருதுகள் கிடைத்ததில்லை. ஆனால் அவற்றுள் மிக உயர்ந்ததாகக் கருதப்படும் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' என்ற ஒரே ஒரு விருது, நான்கு முறை அவரைத் தாண்டிச் சென்று, ஐந்தாவது முறைதான் அவர் கைக்கு வந்தது. ஒருவரை மற்ற எவரையும்விட அதிகமாகப் பாராட்டிய அதே சபை, முதல் இருக்கையை மட்டும் ஏன் இவ்வளவு காலம் தராமல் வைத்திருந்தது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலும் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து இசை வகுப்புகளிலும் படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதைத் தயாரித்திருக்கிறோம்.

முதலில் கிராமியை யார் தருகிறார்கள் என்று தெரிந்துகொள்வோம். நம் காவிரிக் கரையில் கலைஞருக்கான மரியாதை மேலிருந்து வந்தது. தஞ்சை அரண்மனை மானியம் கொடுத்தது. திருவாவடுதுறை போன்ற ஆதீனங்கள் தங்கள் வித்துவான்களை நியமித்தன. கோயிலில் பரிவட்டம் கட்டினார்கள். கிராமி அப்படிப்பட்டதன்று. ரெக்கார்டிங் அகாடமி என்ற அமைப்பின் உறுப்பினர்களான பாடகர்கள், பாடலாசிரியர்கள், தயாரிப்பாளர்கள், ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் என ஏறத்தாழ 13,000 பேர் வாக்களித்து அதைத் தீர்மானிக்கிறார்கள். ஒரு சுற்று வாக்கெடுப்பில் பரிந்துரைப் பட்டியல் உருவாகிறது; அடுத்த சுற்றில் வென்றவர் தெரிகிறார். இந்த வாக்கில் ரசிகர்களுக்கு இடமில்லை.

விற்பனைக்கும் இடமில்லை. கோல்டு, பிளாட்டினம், டைமண்ட் என்று நாம் கேள்விப்படுபவை கிராமியோடு தொடர்பில்லாதவை. ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம் எண்ணிக்கை பார்த்துத் தரும் சான்றிதழ்கள் அவை. அமெரிக்காவில் 5 லட்சம் அலகுகள் விற்றால் கோல்டு, 10 லட்சத்துக்குப் பிளாட்டினம், 1 கோடிக்கு டைமண்ட். கொள்முதல் நிலையத்தில் மூட்டையை எடை போடுகிறவர் சோற்றின் ருசியைச் சொல்வதில்லை; இந்தச் சான்றிதழ்களும் அத்தகையவையே. ஒரு பாடகியின் பெருமைகளைப் பட்டியலிடும்போது இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து கூட்டிச் சொல்லும் பழக்கம் இணையத்தில் பரவலாக இருக்கிறது. அது தவறு.

(காட்சி: ஹூஸ்டன் நகரம், மூன்று இளம்பெண்கள் மேடையில்.)

பியான்ஸே 1981இல் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் பிறந்தவர். அவருடைய முதல் மூன்று கிராமிகள் டெஸ்டினிஸ் சைல்ட் என்ற குழுவோடு 2001, 2002 ஆண்டுகளில் வந்தவை. தனியாகப் பாடத் தொடங்கியதும் 2004 விழாவில் ஒரே இரவில் ஐந்து விருதுகள் கிடைத்தன. 2010இல் ஒரே இரவில் ஆறு. 2021இல் அவருடைய எண்ணிக்கை 28 ஆனபோது, பெண்களில் முதலிடத்தில் இருந்த அலிசன் கிராஸை அவர் கடந்தார். 2023இல் அது 32 ஆனது. அந்த இரவில் அவர் முறியடித்தது வேறொரு பாப் பாடகரின் சாதனையை அன்று என்பதைக் கவனியுங்கள். சிகாகோ சிம்ஃபனி இசைக்குழுவை நீண்ட காலம் நடத்திய, ஹங்கேரியில் பிறந்த சர் ஜார்ஜ் ஷோல்டி என்ற மேலைச் செவ்விசை மேதை பெற்றிருந்த 31 விருதுகள்தான் அதுவரை உச்சமாக இருந்தன. 1997இல் அவர் மறைந்த பிறகும் பல ஆண்டுகள் எவரும் எட்டாத உச்சம் அது.

அந்த 32 விருதுகள் எந்தப் பிரிவுகளில் வந்தன என்று பாருங்கள். பெரும்பாலானவை ஆர் அண்ட் பி என்ற கறுப்பின மக்களின் இசை மரபைச் சார்ந்தவை. சில ராப் பிரிவில், சில நடன இசையில், சில காணொளிகளுக்காக. எல்லா வகை இசையும் ஒன்றோடொன்று போட்டியிடும் பொதுப் பிரிவில் அவர் அதுவரை பெற்றிருந்தது ஒன்றே ஒன்று: 2010இல் ஒரு பாட்டை எழுதியதற்காகப் பிற பாடலாசிரியர்களோடு பகிர்ந்துகொண்ட 'ஆண்டின் சிறந்த பாடல்' விருது.

இதன் காரணம் வாக்களிக்கும் முறையிலேயே ஓரளவு இருக்கிறது. ஓர் உறுப்பினர் தமக்குப் பழக்கமான மூன்று இசைத் துறைகளுக்குள், மொத்தம் பத்துப் பிரிவுகளில் மட்டுமே வாக்களிக்கலாம். ஆகவே ஆர் அண்ட் பி விருதை அந்த இசையில் ஊறியவர்கள் தீர்மானிக்கிறார்கள். 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' உள்ளிட்ட பொதுப் பிரிவுகளிலோ அனைவரும் வாக்களிக்கலாம். அங்கே ராக் இசைக்காரரும் கன்ட்ரி இசைக்காரரும் ஜாஸ் கலைஞரும் தங்களுக்குப் பழகிய ஒலியைத் தேடுவது இயல்பு. துறை தெரிந்தவர்கள் மதித்த பாடகியைப் பொதுச் சபை ஒதுக்கிவைத்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இந்தப் புரிதலில் பியான்ஸே கறுப்பினத்தவர் என்பதற்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பாதிதான் சொல்லப்பட்டதாகும்.

நான்கு தோல்விகளையும் வரிசையாகச் சொல்கிறேன். 2010இல் டெய்லர் ஸ்விஃப்டிடம், 2015இல் பெக்கிடம், 2017இல் அடேலிடம், 2023இல் ஹாரி ஸ்டைல்ஸிடம். இவற்றுள் 2017தான் அதிகம் பேசப்பட்டது. பியான்ஸேயின் 'லெமனேட்' ஆல்பம் கணவன் மனைவிக்கிடையிலான துரோகத்தையும், கறுப்பினப் பெண்கள் தலைமுறைகளாகச் சுமந்துவரும் காயங்களையும் ஒரே இழையில் கோத்த படைப்பு. காணொளியாகவும் முழுமை பெற்றது. ஒலி, ஒளிபரப்புத் துறையின் மதிப்புமிக்க பீபடி விருதும் அதற்குக் கிடைத்தது. விருதை வென்ற அடேலே மேடையில் கண்கலங்கி, தம் வாழ்க்கையின் கலைஞர் பியான்ஸேதான் என்று கூறினார். 2024 விழாவில் பியான்ஸேயின் கணவரும் ராப் கலைஞருமான ஜே-ஸி, எல்லாரையும்விட அதிக கிராமி பெற்றவருக்கு இந்த ஒரு விருது மட்டும் கிடைக்காதது எப்படி என்று அகாடமியின் மேடையிலேயே நின்று கேட்டார்.

(காட்சி: நாகசுரம் ஒன்றின் அண்மைக் காட்சி. இசை சில நொடிகள்.)

நம் டெல்டாவுக்கு இந்த நிலை அந்நியமானதன்று. திருமருகலில் பிறந்து, திருவாவடுதுறையின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட டி. என். ராஜரத்தினம் பிள்ளையை நாடே நாகசுரச் சக்கரவர்த்தி என்று கொண்டாடியது. ஆனால் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இரண்டு கதைகளும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. காலமும் சமூகமும் வேறு. ஒரு பட்டியலைப் படிக்கும்போது அதில் விடுபட்டவர்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதை மட்டும், தவில் நாகசுர மரபில் வரும் பிள்ளைகள் எளிதில் உணர்வார்கள்.

இனி 2025க்கு வருவோம். கன்ட்ரி இசை என்பது அமெரிக்கத் தென்மாநிலக் கிராமங்களிலிருந்து வளர்ந்த இசை. வெள்ளையரின் இசை என்று பெயர் வாங்கிவிட்ட போதிலும், அதன் முக்கியக் கருவியான பான்ஜோவின் மூலம் ஆப்பிரிக்காதான். 2016இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் விழா மேடையில் பியான்ஸே பாடினார்; அங்கே பாடிய அதே பாட்டைக் கன்ட்ரி பிரிவில் பரிசீலிக்க கிராமியின் கன்ட்ரி குழு மறுத்துவிட்டது. 2024இல் 'கௌபாய் கார்ட்டர்' என்ற ஆல்பத்தை வெளியிட்டபோது, தாம் வரவேற்கப்படவில்லை என்று உணர்ந்த ஓர் அனுபவத்திலிருந்தே அது பிறந்தது என்று அவர் எழுதினார். எந்த அனுபவம் என்று பெயர் சொல்லவில்லை. அந்த ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கம் அவருக்கு ஒரு பரிந்துரைகூடத் தரவில்லை.

கிராமி உறுப்பினர்கள் 11 பரிந்துரைகள் தந்தார்கள். 2025 பிப்ரவரி 2 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் முதலில் கன்ட்ரி இசையில் இருவர் அல்லது குழுவாகப் பாடியதற்கான விருதையும், பிறகு சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான விருதையும் பெற்றார். சிறந்த கன்ட்ரி ஆல்பம் பிரிவில் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். அந்த ஆல்ப விருதை அறிவித்தபோது அவர் முகத்தில் தெரிந்த திகைப்பை உலகமே பார்த்தது. இரவின் முடிவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதும் வந்தது. 1999இல் லாரின் ஹில் பெற்றதற்குப் பிறகு, 26 ஆண்டுகளில் அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அதற்கு முன்பு பெற்றவர்கள் நட்டாலி கோல், விட்னி ஹூஸ்டன் ஆகிய இருவரே.

அந்த ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸைச் சூழ்ந்த பெருந்தீயோடு போராடிய தீயணைப்பு வீரர்கள்தாம் விருதை அவர் கையில் கொடுத்தார்கள். மேடையில் அவர் அதை லிண்டா மார்டெல் என்ற மூதாட்டிக்குச் சமர்ப்பித்தார். 1960களின் இறுதியில் நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் அவர். ஒரே ஒரு ஆல்பத்தோடு அந்தத் துறையிலிருந்து ஒதுங்க நேர்ந்தவர். 'கௌபாய் கார்ட்டர்' ஆல்பத்தில் பியான்ஸே அவருடைய குரலைச் சேர்த்திருந்தார். அந்தப் பாட்டின் வழியாக லிண்டா மார்டெலுக்குத் தம் வாழ்நாளின் முதல் கிராமி பரிந்துரை கிடைத்தபோது, அவருக்கு வயது 83.