முதுநிலைக் கல்வியியல் படிப்பை மதிப்பிடும்போது யாரைக் கேட்கிறோம்?

எல்லோருக்கும் வணக்கம். பொதுக் கல்வியில் முதுநிலைப் பட்டம் தரும் படிப்பை ஒரு பல்கலைக்கழகம் எப்படி மதிப்பிட வேண்டும் என்று பேச அழைத்திருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன், பல இடங்களில் மதிப்பீடு என்ற பெயரில் நடப்பது திருப்திக் கணக்கெடுப்புதான். கடைசிப் பருவத்தில் ஒரு படிவம் கொடுப்பார்கள், ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள், சராசரி நான்கைத் தாண்டினால் படிப்பு நன்றாக இருக்கிறது என்று அறிக்கை எழுதிவிடுவார்கள்.

அந்தப் படிவத்தை நிரப்புவது யார்? கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள். பாதியில் நின்றவர்களை, பாடங்களை எல்லாம் முடித்துவிட்டு ஆய்வேட்டில் சிக்கிக் கிடப்பவர்களை யாரும் கேட்பதில்லை. இந்தப் படிப்புக்கு வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே பள்ளியில் வேலை பார்ப்பவர்கள். பகலில் வகுப்பெடுத்துவிட்டு இரவில் எழுதுகிற ஒருவர் ஏன் விட்டுப்போனார் என்பதில்தான் படிப்பின் உண்மையான கோளாறு தெரியும். அவரைத் தேடிப்போய்க் கேளுங்கள்.

அப்புறம், திருப்தியும் கற்றலும் ஒன்றல்ல. ஒரே பாடத்தைப் பல பிரிவுகளுக்குப் பல ஆசிரியர்கள் நடத்திய இடங்களில் செய்யப்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2017இல் வந்தது. ஆசிரியருக்கு மாணவர்கள் போடும் மதிப்பெண்ணுக்கும் அவர்கள் கற்றதற்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பில்லை என்பதுதான் அதன் முடிவு.

மதிப்பீட்டுத் துறை அறிஞர் டேனியல் ஸ்டஃபில்பீம் 1960களில் உருவாக்கிய சிப் (CIPP) என்ற மதிப்பீட்டு மாதிரி உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு படிப்பை நான்கு கோணங்களில் பார்க்கச் சொல்வது அது: சூழல், உள்ளீடு, செயல்முறை, விளைவு. மேம்படுத்துவதற்குத்தான் மதிப்பீடு, நிரூபிப்பதற்கு அல்ல என்பது அவர் நிலைப்பாடு. நாமோ அந்த நான்கையும் தலைப்புகளாக்கி ஒரே படிவத்துக்குள் அடைத்துவிடுகிறோம். செயல்முறை என்றால் ஆய்வேட்டைப் பாருங்கள்! மாணவர் கொடுத்த அத்தியாயம் வழிகாட்டியிடமிருந்து எத்தனை நாளில் திரும்புகிறது, திரும்பும்போது அதில் என்ன எழுதியிருக்கிறது, எழுத்துப்பிழையை மட்டும் திருத்தியிருக்கிறாரா, இல்லை இந்தத் தரவிலிருந்து இந்த முடிவு எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறாரா, ஒரு வழிகாட்டியின் தலையில் எத்தனை பேரைக் கட்டியிருக்கிறோம். இதையெல்லாம் திருத்திய பிரதிகளே சொல்லிவிடும். கருத்துக்கணிப்பு தேவையில்லை.

பொதுக் கல்விப் படிப்புக்கென்று தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. பாடத்திட்டம், உளவியல், நிர்வாகம், ஆய்வுமுறை என்று எல்லாம் இருக்கும், ஒவ்வொரு தாளும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும், ஆனால் மொத்தமாக என்ன கிடைத்தது என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. முடிக்கப்போகிறவர் முன் ஒரு நிலைமையை வையுங்கள்: ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் பாதிப் பேர், நீங்கள் என்ன செய்வீர்கள்? அதற்கு உளவியலும் வேண்டும், பாடத்திட்டமும் வேண்டும், செய்தது பலித்ததா என்று பார்க்க ஆய்வுமுறையும் வேண்டும். இந்த மூன்றையும் அவரால் சேர்த்து யோசிக்க முடியவில்லை என்றால் தாள்களில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து நாம் மகிழ ஒன்றுமில்லை.

விளைவை அளக்கப் பட்டமளிப்பு நாள் ரொம்பச் சீக்கிரம். இரண்டு மூன்று வருஷம் கழித்து அவர் வேலை செய்யும் பள்ளிக்குப் போக வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், சக ஆசிரியர்களிடமும் பேச வேண்டும். செலவாகும், நேரமும் பிடிக்கும். எல்லோரையும் பார்க்க முடியாவிட்டால் சிலரையாவது பாருங்கள், ஆனால் அந்தச் சிலரைத் துறையே பொறுக்கி எடுக்கக் கூடாது. வெளியிலிருந்து வருகிறவர் தேர்ந்தெடுக்கட்டும்.