வத்தாளங்கிழங்கை ஏன் ஒதுக்குகிறோம்?

நடுவர் அவர்களே, திருகோணமலை மக்களே, எல்லாருக்கும் வணக்கம். ‘வீட்டுச் சமையலுக்குக் கூடுதல் சத்துத் தருவது உருளைக்கிழங்கா, வத்தாளங்கிழங்கா?’ என்பது இன்றைய தலைப்பு. நான் வத்தாளங்கிழங்கின், அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கின், பக்கம் நிற்கிறேன்.

எதிரணி அண்ணன் நன்றாகத்தான் பேசினார். உருளைக்கிழங்கில் விற்றமின் சீயும் பொட்டாசியமும் நிறைய என்றார். சரி, ஒத்துக்கொள்கிறேன், இந்த இரண்டிலும் உருளை முந்தித்தான் நிற்கிறது. ஆனால் அவர் விற்றமின் ஏ பக்கமே போகவில்லையே! உருளையில் அது இல்லை என்றே சொல்லலாம். உள்ளே செம்மஞ்சளாக இருக்கும் வத்தாளங்கிழங்கில் வெறும் 100 கிராம் சாப்பிட்டாலே, வளர்ந்த ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய 700 மைக்ரோகிராம் விற்றமின் ஏயை உடம்பு அதிலிருந்து ஆக்கிக்கொள்ளலாம். மாலைக்கண் வராமல் காப்பது இந்தச் சத்து, பிள்ளைகளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறையாமல் பார்ப்பதும் இதுதான். ஆபிரிக்காவில் விற்றமின் ஏ குறைபாட்டைப் போக்க இந்தச் செம்மஞ்சள் கிழங்கைப் பரப்பிய மரியா ஆண்ட்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோருக்கு 2016இல் உலக உணவுப் பரிசே கொடுத்தார்கள்.

ஒன்று கவனியுங்கள், தோல் சிவப்பு என்று நம்பி வாங்காதீர்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் இந்தச் சத்து மிகக் குறைவு. வெட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

அப்புறம், அவித்த கிழங்கைத் தேங்காய்ப்பூவோடும் கட்டச்சம்பலோடும் சாப்பிடுகிறோமே, அது ருசிக்கு மட்டுமில்லை. உடம்பு விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்வது கிழங்கிலுள்ள பீற்றா கரோட்டின் என்ற செம்மஞ்சள் நிறப்பொருளைத்தான்; அது கொஞ்சம் கொழுப்போடு போனால்தான் உடம்பில் நன்றாகச் சேரும், அந்தக் கொழுப்பு தேங்காயில் இருக்கிறது.

‘இனிப்புக் கிழங்கு, சீனி வருத்தக்காரருக்கு ஆகாது’ என்று அண்ணன் பயமுறுத்தினார். சுட்டுச் சாப்பிட்டால் இரத்தத்தில் சீனி வேகமாக ஏறும், அவித்தால் அவ்வளவு வேகமில்லை. நார்ச்சத்தும் 100 கிராமுக்கு 3 கிராம் அளவில் இருக்கிறது, உருளையில் அதைவிடக் குறைவு. ஆகவே சீனி உள்ளவர்கள் சோற்றுக்கு மேலதிகமாக இல்லாமல், சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் அளவாக வைத்துக்கொள்ளலாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள், பொட்டாசியம் இதிலும் இருக்கிறது.

இன்னொன்று. உருளைக்குக் குளிர் வேண்டும், நுவரெலியாவிலிருந்தோ வெலிமடையிலிருந்தோ லொறி வரவேண்டும், இல்லாவிட்டால் கப்பல் வரவேண்டும். வத்தாளைக்கு நம் வெயிலும் மணல் கலந்த நிலமும் போதும், கொடித் துண்டை நட்டால் மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு தோண்டலாம். அதுவரைக்கும் கொழுந்து இலையைக் கிள்ளி வறை வைக்கலாம், அதுவும் நல்ல கீரை. உருளைச் செடியின் இலையில் சோலனின் என்ற நஞ்சு இருக்கிறது, வாயில் வைக்க முடியாது. நடுவர் அவர்களே, எதிரணி முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.