சிந்தனைக்கும் பீஸ் ரேட்டா?

(திருப்பூரில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: மூளையும் கணினியும் இணைவது உழைப்பாளிக்கு வரமா, விலங்கா? ‘விலங்கே’ என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களே, பெரியோர்களே, வேலை முடிந்து பனியன் கம்பெனியிலிருந்து நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

கைகால் செயலிழந்த ஒருவர், 2024 ஜனவரியில் மூளைக்குள் நியூராலிங்க் நிறுவனத்தின் மூளை அலையைப் படிக்கும் கருவி பொருத்தப்பட்ட பின், நினைப்பாலேயே கணினியில் சதுரங்கம் ஆடியதை எதிரணி நண்பர் மனம் உருகச் சொன்னார். அந்த மருத்துவத்தைக் கைகூப்பி வரவேற்கிறேன். ஆனால் அவருக்கு அது இழந்ததில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தது. நம் தலைப்போ, வேலைக்கு வந்த ஒருவரின் நல்ல தலையைப் பற்றியது.

தொழிற்சாலைக்கு முதலில் வரக்கூடியது மண்டையைத் திறந்து வைக்கும் கருவி அல்ல, தொப்பி. சீனாவின் ஹாங்சோவில் தொழிலாளர் தொப்பிக்குள் மூளை அலையை அளக்கும் உணரிகளை வைத்து மனநிலையைக் கண்காணிப்பதாக 2018இலேயே செய்தி வந்தது. தலைக்கு மேலே எட்டும் மூளையின் மின் அலை, ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் சில பத்துப் பங்கு அளவே இருக்கும். கண் இமைத்தாலும் பல்லைக் கடித்தாலும் அதைவிடப் பெரிய அலை எழும். சித்திரை மாதத்தில், எண்ணெய் தேய்த்துப் பின்னி வியர்த்த தலையில் அந்தத் தொப்பி எதைப் பதியும், அந்தப் பிழை யார் கணக்கில் ஏறும் என்பதை இங்கே டெய்லர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தொப்பி சரியாகவே அளந்தால் என்ன என்று கேட்கலாம். எனக்கு அச்சம் அதிகமாவது அங்கேதான். என் தாயார் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்து ஓவர்லாக் டெய்லராக உயர்ந்தவர். மணிக்கு எத்தனை பீஸ் என்று பலகையில் எழுதுவார்கள். “கை பாட்டுக்கு ஓடும் கண்ணு, மனசு ஊட்டுக்குப் போயிட்டு வந்துரும்” என்பார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பனியனின் கையை அதன் உடம்போடு இணைத்துத் தைத்துக்கொண்டே, என் பள்ளிக் கட்டணத்துக்கு எந்தச் சீட்டை எடுப்பது என்று அவர் முடிவு செய்தது அந்த நேரத்தில்தான். ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரத்தை, அந்தப் போக்குவரத்துதான் தாங்க வைத்தது. பீஸ் ஒன்றுகூடக் குறையாவிட்டாலும், தொப்பி அதைக் கவனம் சிதறிய நிமிடங்கள் என்று எழுதும். அடுத்த கூலிப் பேச்சில் அந்தத் தாள் முதலாளி தரப்பின் மேசையில் இருக்கும்.

விருப்பமில்லாதவர் மறுக்கலாமே என்றார் நண்பர். 2010இல் செல்வி என்பவரின் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவருக்கே அவர் சம்மதமின்றி மூளை மின் அலைச் சோதனை செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்குத் தொழிலாளியின் தரவைச் சம்மதம் இல்லாமலே கையாள வழிவிட்டிருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்குக் கிடைத்த காப்பு, தையல் மிஷினில் அமர்ந்திருப்பவருக்கும் உண்டு என்று இந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை, ஐயா. சிலி நாடு 2021இல் மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து வரும் தகவலையும் காக்கத் தன் அரசியலமைப்பையே திருத்தியது.

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் முன்பணம் என்றால் என்னவென்று இந்த அவைக்குத் தெரியும். வாங்கிய பணம் தீரும்வரை தறியை விட்டு நகர முடியாது. நாளை மண்டைக்குள் வைக்கும் கருவியும் முதலாளி செலவில் வந்தால், வேலையை விட்டுப் போகிறவர் அதை எப்படிக் கழற்றிக் கொடுப்பார்? நியூராலிங்க் கருவி பெற்ற அந்த முதல் நோயாளிக்கே, மின்முனைகள் தாங்கிய இழைகளில் பல சில வாரங்களில் மூளைத் திசுவிலிருந்து விலகின. சரிசெய்ய அந்நிறுவனம் இருந்தது. வேலையை விட்ட தொழிலாளிக்கு யார் இருப்பார்?

கடைசியாக, நாமக்கல் லாரி ஓட்டுநரைத் தூக்கத்திலிருந்து இந்தத் தொப்பி காப்பாற்றுமே என்றார் நண்பர். ஆஸ்திரேலியச் சுரங்க லாரிகளில் அப்படிப்பட்ட தொப்பி புழக்கத்துக்கு வந்தது உண்மை. உயிர் காக்கும் எதையும் நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்று 1961இலேயே சட்டம் எழுதியாயிற்று. விடிய விடிய ஒற்றை ஆளாக ஓட்டுபவர் தமக்குத் தூக்கம் வருவதை அறியாமல் ஓட்டவில்லை. தொப்பிக்குப் பணம் ஒதுக்கச் சொல்லும் நண்பர், அந்த வண்டியில் மாற்று ஓட்டுநருக்கு யார் சம்பளம் தருவது என்பதையும் இதே மேடையில் சொல்லட்டும்.